ஏழாவது வரியில் எக்ஸைட்மென்ட்

அன்பும் பாசமும் அவை இரண்டையும்விடப் பெரிய குரலும் வாய்க்கப்பெற்ற மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம். உங்கள் அக்காவின் நலத்தை ஒரு வரியில் எழுத முடியாது என்பதால் அதைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். அங்கே உங்கள் நலத்தையும், வீட்டாரின் நலத்தையும், சந்தையில் தினமும் ஏலம் கூவிக் கூவித் தாங்கள் தேய்த்துவரும் தொண்டையின் நலத்தையும் அறிய ஆவல். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்களோடு போனில் பேசுவது என்றால் நீங்கள் பேச நான் கேட்பது என்று பொருள். காகிதத்தில்தான் எனக்கும் நாலு வார்த்தைக்கு இடம் கிடைக்கும். எங்கள் தெருமுனையிலிருந்து உங்கள் சந்தைக்குத் தக்காளி ஏற்றிவரும் லாரி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை ஏலம் தொடங்குமுன் உங்கள் கைக்கு வந்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீங்கள் போனில், "அத்தான், நீங்க என்ன சொன்னாலும் சரி, வெள்ளிக்கிழமை நான் கிளம்பி வர்றேன்" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறக்குமுன் வைத்துவிட்டீர்கள். தயவுசெய்து வர வேண்டாம். கோபித்துக்கொள்ளாமல் இதை முழுவதும் படித்துவிட்டு, நான் சொல்வது நியாயமா அநியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

அக்காவுக்கு முதல் தடவை நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீங்கள் ஒரு நாள் வந்தீர்கள், ஞாபகம் இருக்கும். உள்ளே விட மாட்டோம் என்று சொன்னதும் வாசலில் நின்றபடியே "அக்காவ்!" என்று ஒரு குரல் கொடுத்தீர்கள். அதில் மூன்று நாளாகக் கண் திறக்காமல் கிடந்த பக்கத்துக் கட்டில்காரர் கண்ணைத் திறந்து "யாரு?" என்று கேட்டார். அவர் வீட்டார் உங்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நர்ஸ் கும்பிடவில்லை. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு தாள் கொடுத்தார். அதில் ஏழு வரிகள். உப்பு இவ்வளவு, தண்ணீர் ஒன்றரை லிட்டர், மாடிப்படி கூடாது, ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, மாத்திரை இன்ன இன்ன வேளைக்கு, பதினைந்து நாளில் மறுபடி வரணும், இது ஆறு வரி. ஏழாவது வரி, அவாய்ட் எக்ஸைட்மென்ட். அடியில் இரண்டு கோடு. நர்ஸ் உங்களைப் பற்றிச் சொல்லித்தான் அந்த இரண்டாவது கோடு விழுந்தது என்பது என் எண்ணம். நிரூபிக்க முடியாது.

நான் முப்பத்துநாலு வருஷம் பாய்லர் பார்த்தவன். எனக்கு அளவு வேண்டும். பாய்லரில் ஒரு மீட்டர் இருக்கும், அதில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும், அதற்குக் கீழே முள் நின்றால் நிம்மதியாக டீ குடிக்கலாம், தாண்டினால் ஓட வேண்டும். உப்புக்கு அளவு சொன்ன மனுஷன் எக்ஸைட்மென்டுக்கு அளவு சொல்லவில்லையே என்று அவரிடமே போய்க் கேட்டேன். "எவ்வளவு வரைக்கும் போகலாம் சார்?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பரபரப்பில்லாம பாத்துக்குங்க, அவ்வளவுதான்" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. மாடி வீட்டில் கோர்ட் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருக்கிறார், ஓய்வு பெற்றவர். சாட்சி சொல்வதை வரிக்கு வரி இங்கிலீஷில் சொல்லிச் சொல்லி, "மழை வருமா?" என்று கேட்டால்கூட "எனக்குத் தெரிந்தவரை" என்று ஆரம்பிக்கிற மனிதர். அவர் இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஒரு அகராதியை இறக்கினார். கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "பரபரப்பு, கிளர்ச்சி, உற்சாகம், எழுச்சி. நாலுமே பொருந்தும்" என்றார். "இதுல டாக்டர் சொன்னது எது?" என்றேன். "டாக்டர் மனசுல இருந்ததுக்கு நான் சாட்சி சொல்ல முடியாது" என்றார். நாலு வால்வு இருக்கிறது, எதில் ஆபத்து என்று தெரியவில்லை என்றால் பாய்லர்காரன் என்ன செய்வான்? நாலையும் மூடுவான். நானும் அப்படியே செய்தேன்.

முதல் வேலையாக அழைப்பு மணியைக் கழற்றினேன். ரேடியோவைப் பரண் மேல் ஏற்றினேன். செய்தித்தாளில் எக்ஸைட்மென்ட் உள்ள பக்கங்களை உருவியதில் வரி விளம்பரப் பக்கம் மட்டும் மிஞ்சியது, அதை அவளிடம் கொடுத்தேன். பாய்லர் வீட்டிலிருந்து ஓய்வு பெற்றபோது எழுதாத லாக் புக் ஒன்றை எனக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். அதை எடுத்து நேரம், அழுத்தம், நாடி, காரணம், நடவடிக்கை, ஒப்பம் என்று கட்டம் போட்டேன். பிரஷர் பார்க்கும் கருவி ஒன்று வாங்கி, மணிக்கு ஒரு தடவை அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மேல் கணக்கு நூற்றெழுபதுக்குக் குறையவில்லை. காரணம் என்ற கட்டத்தில் "தெரியவில்லை" என்று எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு நாள் ஊசி போட வந்த நர்ஸம்மா தன் கருவியில் பார்த்தால் நூற்று முப்பது. உங்கள் அக்கா படுத்தபடியே சொன்னாள்: "அந்தக் கட்டத்துல தெரியவில்லைன்னு எதுக்கு எழுதறீங்க? உங்க பேரை எழுதுங்க. செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு ஏறுது." அதையும் எழுதினேன். லாக் புக்கில் பொய் எழுதக் கூடாது என்பது என் கொள்கை.

அடுத்து குக்கர். விசில் சத்தம் கேட்டால் அவள் திடுக்கிடுவாளே என்று அதன் குண்டை ஈரத்துணியால் இறுக்கிக் கட்டிவிட்டு அடுப்பில் ஏற்றினேன். மச்சான், பாய்லர்காரன் செய்யவே கூடாத பாவம் உலகத்தில் ஒன்றே ஒன்று உண்டு. ஆவி போகிற வழியைக் கட்டுவது. புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் நாள் முதல் பாடமாக அதைத்தான் சொல்வேன். முப்பத்துநாலு வருஷத்தில் என் பாய்லர் ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை. அப்பேர்ப்பட்ட நான் கட்டிய குக்கர் அன்று காலை பத்தரை மணிக்கு வெடித்தது. மூடி பறந்து ஜன்னல் கம்பியில் மோதியது, உள்ளே இருந்தது எல்லாம் கூரையில் ஒட்டிக்கொண்டது, நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தது எப்போது என்று தெரியவில்லை. போச்சு, எல்லாம் போச்சு, இந்தச் சத்தத்திலேயே அவள் உயிர் போயிருக்கும் என்று எழுந்து ஓடினால், உங்கள் அக்கா கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "பாய்லர்காரரே, பாய்லர்காரரே" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை நாலு நிமிஷம் சிரித்தாள். நான் பட்டையைச் சுற்றிப் பார்த்தேன். நூற்றிருபத்தெட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாய் அவ்வளவு நல்ல கணக்கு வந்ததே இல்லை. நான் என்ன எழுதினேன் தெரியுமா? "கருவியில் கோளாறு." எழுதி ஒப்பமும் போட்டேன்.

அப்புறம் மனிதர்கள். அவளைப் பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, சந்தோஷமான செய்தி கூடாது, துக்கமான செய்தி கூடாது, மெதுவாகப் பேச வேண்டும், பத்து நிமிஷத்தில் எழுந்துவிட வேண்டும் என்று சொல்லி உள்ளே அனுப்பினேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா, தெரு முழுவதையும் ஒரே மூச்சில் பேசித் தீர்க்கிறவள், பத்து நிமிஷமும் அவள் காலைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனாள். உங்கள் அக்கா என்னைக் கூப்பிட்டு, "எனக்கு எத்தனை நாள்னு டாக்டர் சொல்லியிருக்காரு? எல்லாரும் இழவு வீட்டுக்கு வந்த மாதிரி வந்துட்டுப் போறாங்க. மறைக்காம சொல்லுங்க" என்றாள். அப்படி எதுவும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தேன். அது அப்போது உண்மைதான்.

இப்போது நான் சொல்லப்போவதற்கு நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். நீங்கள் நாங்கள் எல்லாம் இனிமேல் எனக்கு வராது மச்சான், நீ என்றே எழுதுகிறேன். ஏலம் முடிந்து தினமும் பதினோரு மணிக்கு நீ போன் செய்வாயே, அவள் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்பாளே, அந்தப் போனை முப்பத்தோரு நாளாக நான்தான் எடுக்கிறேன். அவள் தூங்குகிறாள் என்று உன்னிடம் சொன்னேன். உனக்குச் சந்தையில் வேலை நெருக்கடி என்று அவளிடம் சொன்னேன். பதினோரு மணி ஆனால் அவள் கண் போன் இருந்த இடத்துக்குப் போகும், பிறகு சுவருக்குப் போகும். உங்கள் அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். எங்களுக்கென்று ஒன்று பிறக்காதபோது, "எனக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே" என்று என்னைத் தேற்றியவளும் அவள்தான். அதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் செய்தேன். ஏழாவது வரிக்குக் கட்டுப்பட்டுச் செய்தேன்.

போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. லாக் புக் என் முன்னால் இருக்கிறது, பார்த்தே எழுதுகிறேன். பிற்பகல் மூன்று மணி. அழுத்தம் சாதாரணம். நாடி சாதாரணம். நிகழ்வு எதுவும் இல்லை. வீட்டில் ஒரு சத்தம் இல்லை, மணி இல்லை, ரேடியோ இல்லை, தெருவில்கூட ஒரு வண்டி போகவில்லை. அவள் கூரையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த கறையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இத்தனை ஒழுங்காக ஒரு வீட்டை வைத்திருக்கிறோமே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மூன்று பத்துக்கு அவள் இதயம் நின்றுவிட்டது.

உனக்கு இது தெரியாது. மறுநாள் பதினோரு மணிக்கும் உன்னிடம் தூங்குகிறாள் என்றுதான் சொன்னேன்.

மாடி வீட்டுக்காரர்தான் வண்டிக்குச் சொல்லி, என்னோடு ஏறி வந்தார். வண்டியில் வந்த ஆள் அவள் மார்பை அமுக்கி அமுக்கி உயிரைத் திரும்பக் கொண்டுவந்தான். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என்னிடம் ஒரு பாரத்தை நீட்டி, "மறுபடி நின்னா ரிசஸிடேஷன், அதான் நெஞ்சை அமுக்கி உயிரைக் கொண்டுவர்றது, செய்யலாமா வேணாமா, டிக் போட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றாள். எனக்கு எழுத்தே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து நம் மொழிபெயர்ப்பாளர் பாரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுவும் அதுவும் ஒரே வயித்துப் பிள்ளைங்க சார்" என்றார். "எது சார்?" என்றேன். "எக்ஸைட்மென்டும் இதுவும்தான். லத்தீன்ல ஒரு சொல்லு இருக்கு, கூப்பிடறதுன்னு அர்த்தம், அசைக்கறதுன்னும் அர்த்தம். எக்ஸ்னா வெளியே. வெளியே வான்னு கூப்பிடறது எக்ஸைட். விழுந்து கிடக்கிறவனை மறுபடி எழுந்து வான்னு கூப்பிட்டா அது ரிசஸிடேஷன். எக்ஸைட்மென்ட்டுங்கிற சொல்லு இங்கிலீஷுக்கு வந்த புதுசுல ஊக்கம் கொடுக்கறதுன்னுதான் அதுக்கு அர்த்தம். பரபரப்புங்கிற அர்த்தம் எல்லாம் இருநூறு வருஷத்துக்குள்ள வந்தது. அகராதியில அன்னிக்கே கீழே போட்டிருந்தான், நீங்க நாலு அர்த்தத்தோட எழுந்து போயிட்டீங்க." என்னுடைய நாற்பத்தொரு வருஷ சம்சாரம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடக்கிறாள், இந்த மனுஷன் லத்தீன் சொல்கிறான். வந்த கோபத்தில் "வாயை மூடிட்டு உக்காருய்யா" என்று கத்திவிட்டேன். பாவம், உட்கார்ந்தார். நான் "செய்யலாம்" என்பதில் டிக் போட்டேன். அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்தது.

ஆனால் காதில் விழுந்தது விழுந்ததுதானே. எட்டு நாள் அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அதையே நினைத்தேன். எங்கள் பாய்லர் வீட்டுக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் அறை. அங்கே பெரிய மெஷினை ஒட்டிச் சின்னதாக ஒரு மெஷின் இருக்கும், அதன் பேரே எக்ஸைட்டர். அது வேலை செய்யாவிட்டால் பெரிய மெஷின் சும்மா சுற்றும். சத்தம் வரும், சூடு வரும், கரண்ட் மட்டும் வராது. முப்பத்துநாலு வருஷம் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன், ஒரு நாளும் இந்தச் சொல்லை அந்தச் சொல்லோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. வெளியே வா என்று அவளை யாரும் கூப்பிடாமல் பத்தொன்பது நாள் பார்த்துக்கொண்டது நான்தான். மணி கூப்பிடவில்லை, தெரு கூப்பிடவில்லை, நீ கூப்பிடவில்லை. கூப்பிட ஆள் இல்லாத வீட்டில் இருந்து என்ன பயன் என்று அந்த நெஞ்சு நினைத்துவிட்டதோ என்னவோ. டாக்டர் அதெல்லாம் இல்லை என்கிறார். இதயத்தில் பலம் இல்லை, யார் என்ன செய்திருந்தாலும் நடந்திருக்கும் என்கிறார். அவர் படித்தவர்.

நாலு நாளைக்கு முன்பு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "வீட்டிலேயே வெச்சுப் பாத்துக்குங்க" என்றார் டாக்டர். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் மாடிக்குப் போய்க் கேட்கவில்லை. சில வாரம் இருக்கலாம், சில நாளும் இருக்கலாம், மூன்றாவது தடவை வந்தால் தாங்காது என்றார். இந்தத் தடவையும் தாள் கொடுத்தார்கள். அதே ஏழு வரி. ஏழாவது வரிக்கு அதே இரண்டு கோடு.

ஆகவேதான் சொல்கிறேன், வராதே. நீ வந்தால் மெதுவாக வர மாட்டாய். தெருமுனையிலேயே "அக்காவ்!" என்பாய். நீ வந்துபோன ஒவ்வொரு தடவையும் எங்கள் அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கிறது, அது தற்செயல் என்று நான் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. உன்னைப் பார்த்தால் அவள் எழுந்து உட்காருவாள், சிரிப்பாள், அழுவாள், நாலு அர்த்தமும் ஒரே நேரத்தில் வரும். அந்தச் சந்தோஷத்தில் அவள் போய்விட்டால்? அதைக் கண்ணால் பார்த்துவிட்டு நான் எப்படி இருப்பேன்? உனக்கு அக்கா. எனக்கு அவளை விட்டால் இந்த வீட்டில் பேச்சுக்கொடுக்க ஒரு லாக் புக்தான். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். இதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றினேன். என் பயத்துக்காகவாவது நீ இருக்கும் இடத்திலேயே இரு.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சிறியவர்களுக்கு என் ஆசியையும், உன் சம்சாரத்துக்கு எங்கள் அன்பையும் சொல்லவும். மழைக்காலம் ஆதலால் தொண்டைக்கு வெந்நீர் குடிக்கவும்.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் நாடும்
அத்தான்

பி.கு.: லாரி எப்போது கிளம்பும் என்று கேட்கத் தெருமுனைக்குப் போய்த் திரும்புவதற்குள், ஸ்டூல் மேல் வைத்திருந்த இந்தக் கடிதத்தை உன் அக்கா எடுத்துப் படித்துவிட்டாள். என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம்வரை படித்திருக்கிறாள். அவள் இதயம் நின்றுபோன பக்கத்தையும்தான். நான் பறிக்கப் போனேன். "என்னைப் பத்திதானே எழுதியிருக்கீங்க, நான் படிச்சா என்ன?" என்றாள். பிறகு, "சிவப்புக் கோடு எங்கேன்னு ஊர் பூரா கேட்டீங்களே, ஒரு நாளாவது என்னைக் கேட்டீங்களா? உள்ள இருக்கிறவ நான்தானே?" என்றாள். அப்புறம் அவளே உன்னை மாதிரிக் கையைத் தூக்கிக்கொண்டு சொன்னாள்: "ஒரு தரம் சொல்லியாச்சு. ரெண்டு தரமும் சொல்லியாச்சு. மூணாவது தரம் சொல்றதுக்குள்ள என் தம்பியை வரச் சொல்லுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழக்கதோஷத்தில் பட்டையை எடுத்தேன், அவளே கையை நீட்டினாள். நூற்றிருபத்தாறு. கருவியில் கோளாறு என்று இந்தத் தடவை எழுதவில்லை.

லாக் புக்கில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒரே கோடாகப் போட்டு அடித்து, பக்கத்தில் ஒப்பம் இட வேண்டும், அதுதான் விதி. டாக்டர் தாளில் ஏழாவது வரியை அப்படியே அடித்து ஒப்பம் போட்டுவிட்டேன். மேலே நாலைந்து பக்கத்துக்கு வராதே என்று எழுதியிருக்கிறேனே, அதையும் அப்படியே அடித்ததாக வைத்துக்கொள். வெள்ளிக்கிழமைவரை காத்திருக்காதே. ஏலத்தை வேறு யாராவது கூவட்டும். டிரைவரிடம் சொல்லிவிட்டேன், தக்காளியை இறக்கியதும் முன்சீட்டில் உன்னை ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். அழைப்பு மணியைத் திரும்ப மாட்டிவிட்டேன், ஆனால் நீ அதை அமுக்க வேண்டாம். கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறேன், ஜன்னலும் திறந்துதான் இருக்கிறது. தெருமுனையிலேயே ஆரம்பித்துவிடு. உன் தொண்டையில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் போட்டுக் கூப்பிடு. ஒரு தரம் கூவு, ரெண்டு தரம் கூவு. மூணாவது தரத்தை மட்டும் உன் வாயால் சொல்லிவிடாதே, மச்சான்.